கரிக்கோச்சி ஃபயர்மன் ஐயாவை மெல்பேர்ண் கூட்டிப் போகிறோம்: எங்கே காட்டலாம்?

தெல்லிப்பழை மகள்

எல்லோருக்கும் வணக்கம். என் ஐயாவுக்கு 84 வயது. காங்கேசன்துறையில் கரிக்கோச்சி ஃபயர்மனாக, அதாவது நீராவி எஞ்சினில் கரி அள்ளிப்போட்டு நெருப்பைப் பார்க்கிறவராக இருந்தவர். சீமெந்துப் பெட்டிகளை மாற்றிக் கோக்கிற ஷண்டிங் எஞ்சினில் தொடங்கி, பிறகு அனுராதபுரம் வரை ஓடினவர். டீசல் வந்தபின் வேறு வேலை கொடுத்தார்கள். 1990இல் நாங்கள் இடம்பெயர்ந்தோம், கோச்சியும் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் கட்டப் போய்விட்டன.

இன்றைக்கும் விறகடுப்பை அம்மாவிடம் விடமாட்டார். பொச்சுமட்டையை நடுவில் போட்டால் கோபம் வரும். "மூலைக்குப் போடு, நடு மெல்லிசாய் இருக்கட்டும், காற்று வரவேணும்" என்பார். புகை கறுத்தால் கரி வீணாகிறது. புகையே இல்லாவிட்டால் நெருப்பில் ஓட்டை விழுந்துவிட்டது. சாம்பல் நிறத்தில் மெல்லிசாகப் போகிற புகைதான் சரியாம். நாங்கள் பிள்ளைகள் ஐந்து பேரும் இப்படித்தான் அடுப்பெரிக்கப் பழகினோம்.

2014 ஒக்டோபரில் யாழ்தேவி ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தபோது கூட்டிப் போனேன். சனத்துக்குள்ளால் புகுந்து எஞ்சினுக்குக் கிட்டப் போய், புறங்கையை நீட்டிப் பார்த்தார். "வெக்கை அடிக்கவில்லை" என்றார். வீடு வரும்வரை வேறொன்றும் கதைக்கவில்லை.

இப்போது மெல்பேர்ணில் இருக்கிற தம்பி ஜனவரிக்கு ரிக்கெற் பார்க்கிறான். மூன்று மாதம் நிற்கலாம். எனக்கு இரண்டு கேள்வி. உண்மையாக நெருப்பு எரிகிற எஞ்சினைக் கிட்ட நின்று பார்க்க எங்கே போகவேண்டும்? மியூசியத்தில் துடைத்து நிறுத்திவைத்ததைக் காட்டினால் அவருக்குப் போதாது. அடுத்தது, பேர்த் வரை போகிற நீள ரயிலில் ஏற்றலாம் என்கிறான் தம்பி. இந்த வயதில் அது சரிவருமா?

இணுவிலான், மெல்பேர்ண்

அக்கா, முதலில் ரிக்கெற்றை மாற்றச் சொல்லுங்கள். ஜனவரி இங்கே கடும் கோடை. காட்டுத்தீ பயத்தில் முழுத் தீத்தடை அறிவிக்கிற நாட்களில் நீராவி எஞ்சினை வெளியே எடுக்கமாட்டார்கள், டீசலைத்தான் பூட்டுவார்கள். ஐயா அவ்வளவு தூரம் வந்து மறுபடி டீசலைப் பார்க்கக்கூடாது. ஏப்ரல், மே நல்லது. கொஞ்சம் குளிரும், கம்பளி உடுப்பு கொண்டுவாருங்கள்.

போகவேண்டிய இடம் பஃபிங் பில்லி என்கிற நீராவி ரயில். ஃபிளிண்டர்ஸ் தெரு ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் கடைசி ஸ்டேஷன் பெல்கிரேவ். அங்கே இறங்கி நடக்கிற தூரம்தான். 1900இல் திறந்த மலைப்பாதை இது. 1953இல் மண் சரிந்து மூடப்பட்டது. ஆர்வமுள்ள சனம் சங்கம் வைத்துப் பாதையை மீட்டு, 1962இல் மறுபடி ஓடவிட்டார்கள். கெம்புறூக் வரை முழுப்பாதையும் திரும்பக் கிடைக்க 1998 ஆகிவிட்டது. இன்றும் வேலை செய்கிறவர்களில் நிறையப் பேர் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

தண்டவாள அகலம் 762 மில்லிமீற்றர். எங்கள் ஊர்ப் பாதையின் 1676இல் பாதிகூட வராது. கொழும்பிலிருந்து ஓடின பழைய களனிவெளிச் சின்னப் பாதையின் அளவு என்று ஐயாவிடம் சொல்லுங்கள், உடனே விளங்கும். புறப்பட ஒரு மணித்தியாலம் முதலே போய் எஞ்சின் பக்கமாக நில்லுங்கள். இவர் ஃபயர்மனாக இருந்தவர் என்று அங்கே நிற்கிறவர்களிடம் சொல்லுங்கள். எஞ்சினில் ஏறவிடுவார்கள் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை, ஆனால் கூச்சப்படாமல் கேளுங்கள். பெட்டிகளின் பக்கமெல்லாம் திறந்துதான் இருக்கும், கரித்தூள் முகத்தில் விழும். அவருக்கு அது பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.

கந்தர்மடம், சிட்னி

தங்கச்சி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் எழுதுகிறேன். பேர்த் வேண்டாம். இந்தியன் பசிபிக் என்கிற அந்த ரயில் சிட்னியிலிருந்து 4352 கிலோமீற்றர், மூன்று இரவு. இப்போது அது பணக்காரர்களின் உல்லாசப் பயணம். நல்லாபோர் வெளியில் 478 கிலோமீற்றர் ஒரு வளைவும் இல்லாமல் நேரே போகும், உலகத்திலேயே நீளமான நேர்ப்பாதை. ஆனால் ஐயாவுக்குப் பிடிக்கப்போவது அந்தப் பாதையின் பழைய கதைதான். 1917இல் நீராவியில் தொடங்கியது. வழியில் நல்ல தண்ணீர் இல்லை, தோண்டியதெல்லாம் சவர்த் தண்ணீர், கொதிகலனைத் தின்றுவிடும். 1950களின் தொடக்கத்திலேயே அங்கே டீசலுக்கு மாறியதற்கு அது பெரிய காரணம். சவர்த் தண்ணீர் என்றால் எங்கள் ஊர் ஆளுக்கு விளக்கவேண்டியதில்லை.

ரயில் பயணமே வேண்டுமென்றால் மெல்பேர்ணிலிருந்து சிட்னிக்குப் பகல் வண்டியில் வாருங்கள், 11 மணித்தியாலம் அளவில் எடுக்கும். நடுவில் மாநில எல்லையில் ஆல்பரி ஸ்டேஷன் வரும். ஐயாவை அங்கே ஜன்னல் பக்கம் இருத்துங்கள். நீளமான பிளாட்பாரம், நடந்தால் கால் கடுக்கும். இந்த நாட்டில் ஒவ்வொரு மாநிலமும் தனக்குப் பிடித்த அகலத்தில் தண்டவாளம் போட்டது. நியூ சவுத் வேல்ஸ் முதலில் அயர்லாந்து அளவான 1600 மில்லிமீற்றருக்கு ஒப்புக்கொண்டு, எஞ்சினியர் மாறியதும் 1435க்குத் தாவியது. விக்டோரியா அதற்குள் வண்டிகளுக்கு ஓடர் கொடுத்துவிட்டபடியால் 1600இலேயே நின்றது. 1883 தொடக்கம் 1962 வரை சனம் ஆல்பரியில் பெட்டி படுக்கையோடு இறங்கி அடுத்த பக்கத்து வண்டிக்கு மாறவேண்டும், நித்திரைத் தூக்கத்திலும்தான். எனக்கு இன்றும் அதை நினைத்தால் ஆற்றாமையாக இருக்கும். ஒரே நாட்டில் இப்படியா?

சிட்னி வந்தால் தேர்ல்மியர் ரயில் மியூசியத்துக்கு நான் காரில் கூட்டிப்போகிறேன். நீராவி ஓடுகிற நாளா என்று பார்த்துவிட்டுப் போவோம்.

கைதடி வாசகன்

அக்கா, போக முதல் ஐயா கதைப்பதை போனில் பதிந்து வையுங்கள். எந்த ஸ்டேஷனில் தண்ணீர் பிடித்தார்கள், ஒரு ஓட்டத்துக்கு எத்தனை சவள் கரி அள்ளினார்கள் என்று கேளுங்கள். வடக்குப் பாதையில் கரி அள்ளின ஆட்கள் இனி எத்தனை பேர் மிச்சம்?

தெல்லிப்பழை மகள்

எல்லோருக்கும் நன்றி. ரிக்கெற் ஏப்ரலுக்கு மாறிவிட்டது. கந்தர்மடம் அண்ணா, சிட்னி வருகிறோம்.

நேற்றுப் பின்னேரம் போனை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் பற்றிக் கேட்டேன். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கீறிக் கீறி இரவுச் சாப்பாடு வரை சொன்னார். 762 என்றதும், நான் வாய் திறக்க முதலே, "களனிவெளி" என்றார். பிறகு தன் பங்குக்கு ஒரு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. அவ்வளவு சின்ன எஞ்சினில் ஃபயர்மன் திரும்ப இடம் இருக்காதாம். அப்படியென்றால் சவளின் பிடி கட்டையா, நீளமா? இணுவிலான் தம்பி, அடுத்தமுறை போனால் பார்த்து எழுதுங்கள்.