மாலை போட்டு ஆபீஸ் போகும் சாமிகள் வழி சொல்லுங்கள்

சாமி சரணம். நான் சபரிமலைக்கு முதல் முறை போகும் கன்னிச்சாமி. கார்த்திகை 1 அன்று மாலை போட்டேன். 41 நாள் விரதம், இரண்டு வேளைக் குளியல் எல்லாம் சரி, கவலை உடையில்தான். தினமும் வாடிக்கையாளர்களைப் பார்க்கும் வேலை. குருசாமி கறுப்பு வேட்டிதான், செருப்பு கூடாது என்கிறார். மேலாளரோ பேன்ட் ஷூவில் வா, மாலை வெளியே தெரிய வேண்டாம் என்கிறார்.

நேற்று காலர் பொத்தானைப் போட்டு மறைத்தேன். துளசிமணி கழுத்தெலும்பில் அழுந்திக்கொண்டே இருந்தது. ஐயப்பனையே ஒளித்துவைத்த மாதிரி மனசு கலங்கிவிட்டது. ஹிஜாபோடு வரும் பக்கத்து சீட்டு அக்கா, “வேட்டியிலேயே வாங்க தம்பி, இரண்டு நாளில் பழகிடும்” என்றார்.

உங்கள் அலுவலகத்தில் எப்படி அனுமதி கேட்டீர்கள்? கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட் போட்டால் விரதத்துக்குக் குறையா? அப்புறம், வெயிலில் வெறுங்காலோடு பைக் ஓட்டுபவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?