ஜாபோனிங்: ‘வாய்மொழி அழுத்தம்’ போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

அதிகாரத்தில் இருப்பவர்கள் முறையான ஆணை இல்லாமலே தனியாரை நெருக்கித் தாங்கள் நினைத்ததைச் செய்யவைப்பதை ஆங்கிலத்தில் ஜாபோனிங் (jawboning) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் வந்த இரண்டு கருத்துகளுக்கு என் பதில் இது.

> ஜாபோனிங் என்பதற்கு ‘வாய்மொழி அழுத்தம்’ என்றே வைத்துவிடலாம். எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் அக்கா, ஆனால் பொருள் நழுவிவிடுகிறது. இந்த நெருக்கடி வாய்மொழியாக மட்டும் வருவதில்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் இளைஞர் ஒழுக்கத்துக்கென்றே ஓர் ஆணையம் இருந்தது. எந்தப் புத்தகத்தையும் தடை செய்யும் அதிகாரம் அதற்குக் கிடையாது. விநியோகஸ்தர்களுக்குக் கடிதம் எழுதும்: இன்னின்ன நூல்கள் ஆட்சேபத்துக்குரியவை, ஒத்துழைப்புக்கு நன்றி, வழக்குத் தொடரப் பரிந்துரைப்பதும் எங்கள் கடமை. பின்னாலேயே போலீஸ்காரர் ஒருவர் வந்து, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று விசாரிப்பார். விநியோகஸ்தர் பயந்துபோய்ப் பிரதிகளைத் திருப்பி அனுப்பினார். 1963-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தணிக்கை என்றே சொல்லி, அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. அங்கே கடிதம் இருந்தது, பட்டியல் இருந்தது. ஆணை மட்டும்தான் இல்லை. அந்த ஆணையின்மையை நம் சொல் காட்ட வேண்டும்.

‘அழுத்தம்’ என்பதும் எனக்குச் சம்மதமில்லை. ஈரோட்டுப் பக்கம் சாயக்கழிவு பற்றிய ஒரு கூட்டத்துக்குக் கல்யாண மண்டபம் பேசி அட்வான்ஸும் கொடுத்திருந்தோம். முந்தின நாள் மண்டபத்துக்காரர் பணத்தைக் கவரில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். “மேல இருந்து போன் வந்துச்சுங்க. வேண்டாம்னெல்லாம் சொல்லலீங்க. லைசென்ஸ் புதுப்பிக்க எப்ப வர்றீங்கன்னு மட்டும் கேட்டாங்க” என்றார். அவரைக் கோபித்து என்ன பயன்? பிழைப்பு அவருக்கு. எங்கள் கையிலோ எதிர்த்து வழக்குப் போட ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. பேச்சுரிமைக்கு வரம்பு வைக்க வேண்டுமென்றால் சட்டத்தின் வழியாக வை என்கிறது நம் அரசமைப்பின் 19(2). அந்த போன் கேள்வி எந்தச் சட்டத்தில் வரும்?

அதனால்தான் ‘சாடை மிரட்டல்’ என்று முன்வைக்கிறேன். சாடையாகச் சொன்னார், சாடைமாடையாக மிரட்டினார் என்று எல்லாரும் பேசுகிறோம். வினையாகவும் ஆளலாம். ‘மறைமுகத் தணிக்கை’ நல்ல சொல்தான், ஆனால் அது விளைவின் பெயர். நமக்குச் செயலின் பெயர் வேண்டும்.

> அரசு ஒரு நிறுவனத்திடம் தன் கருத்தைச் சொல்வதே மிரட்டலா?

இல்லை ஐயா. இந்த இடத்தில்தான் நாம் நிதானிக்க வேண்டும். நியூயார்க் நிதிச் சேவைத் துறையின் தலைவராக இருந்த மரியா வுல்லோ, தேசியத் துப்பாக்கிச் சங்கத்தோடு உறவை முறிக்கும்படி காப்பீட்டு நிறுவனங்களை நெருக்கினார் என்று ஒரு வழக்கு. 2024-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னதன் சாரம் இது: அதிகாரி தன் கருத்தைச் சொல்லலாம், இணங்கச் சொல்லி வாதாடலாம், ஆனால் பதவியின் அதிகாரத்தைக் காட்டி மூன்றாம் ஆள் வழியாக ஒருவர் பேச்சை ஒடுக்கக் கூடாது. குற்றச்சாட்டு உண்மையென்றால் அது உரிமை மீறல்தான் என்று வழக்கைத் தொடர விட்டார்கள். துப்பாக்கிச் சங்கத்தின் கொள்கை எனக்குத் துளியும் ஏற்பில்லை. ஆனாலும் தீர்ப்பு சரி.

ஜாபோனிங் பேச்சுரிமைக்கு மட்டும் உரியதும் அல்ல. 1962-இல் எஃகு விலையைக் குறைக்கச் சொல்லி அமெரிக்க அதிபர் கென்னடி நிறுவனங்களை நெருக்கியதற்கும் இதே பெயர்தான். ஆகவே பொதுப்பெயராக ‘அதிகார வலியுறுத்தல்’, அதில் எல்லை மீறிய வகைக்குச் ‘சாடை மிரட்டல்’ என்று இரண்டு பதிவுகளாக வைக்கலாம்.

சொல் மென்மையாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாமக்கல்லே சாட்சி. 2015 ஜனவரியில், ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எழுந்த எதிர்ப்பை அடுத்து, எழுத்தாளர் பெருமாள்முருகனை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கிய கூட்டத்துக்கு நிர்வாகம் வைத்த பெயர் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’. அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லும்வரை அவர் எழுத்து முடங்கிக் கிடந்தது.

அப்புறம், வழக்கறிஞர்களிடம் ஒரு கேள்வி. குற்றவியல் சட்டத்தில் ‘குற்றமுறு மிரட்டல்’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. ‘சாடை மிரட்டல்’ அதன் உட்பிரிவு என்று யாராவது தவறாகப் படிக்க வாய்ப்புண்டா? உண்டென்றால் ‘சாடை நெருக்கடி’ என்று மாற்றிக்கொள்ள எனக்குத் தடையில்லை.

அன்புடன்,
கோபியிலிருந்து