உறைந்துபோன இன்சுலின் குப்பி: உருகியபின் போடலாமா?

கேள்வி: அம்மா போட்டுக்கொள்வது 30/70 கலவை (வேகமாக வேலை செய்யும் இன்சுலின் 30%, மெதுவாகச் செய்வது 70%), கலங்கலான வகை. திறக்காத இரண்டு குப்பிகள் ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் பின்சுவரை ஒட்டி இருந்தன. ஒன்று கட்டியாக உறைந்துவிட்டது, மற்றதில் ஓரத்தில் மட்டும் பனித்துகள். இப்போது இரண்டும் உருகி, பழையபடியே தெரிகின்றன. போடலாமா?

பதில் 1: இரண்டுமே வேண்டாம். உறையும்போது இன்சுலின் துகள்கள் ஒட்டித் திரண்டுவிடும், உருகினாலும் பிரியாது. ஒரே அளவு கோடு வரை இழுத்தாலும் ஒருநாள் மருந்து கூடும், ஒருநாள் குறையும். உள்ளங்கைகளுக்கு நடுவே 10 முறை உருட்டி, 10 முறை கவிழ்த்து நிமிர்த்திப் பாருங்கள். கெட்டதில் அடியில் வெண்கட்டி தங்கும், அல்லது கண்ணாடியில் பனிப்பூச்சு போல ஒட்டும். பால்போலச் சீராகத் தெரிந்தாலும் உறைந்தது உறைந்ததுதான்.

கேட்டவர்: இன்று இரவு ஊசிக்கு வேறு குப்பி இல்லையே?

பதில் 1: இன்றே புதுசு வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். வேறு வகை இன்சுலினை அதே யூனிட் கணக்கில் நீங்களாகப் போட்டுவிடாதீர்கள்.

பதில் 2: திறக்காதது 2 முதல் 8 டிகிரி செல்சியஸில், பெட்டியோடு, நடுத்தட்டின் முன்பக்கம் இருக்கட்டும். கதவில் வைக்காதே என்பார்கள்; திறந்து மூடும்போது வெப்பம் ஏறி இறங்கும், உண்மைதான். ஆனால் பின்சுவர்தான் எமன். உள்ளே ஒரு சின்ன தெர்மாமீட்டர் போட்டால் சந்தேகமே வராது.

திறந்ததை வெயில் படாமல் வெளியே வைக்கலாம், அறை 30 டிகிரியைத் தாண்டக்கூடாது. தேதியை லேபிளில் எழுதிவிடுங்கள். பெரும்பாலானவை 4 வாரம் தாங்கும். சில கலவைப் பேனாக்களுக்கு 10 நாள்தான். பெட்டிக்குள் இருக்கும் தாள் சொல்வதே கணக்கு.

கேட்டவர்: புதுக் குப்பி வாங்கியாச்சு. லேபிளில் 100 என்று இருக்கிறது, பழையதில் 40. வீட்டில் இருப்பது சிவப்பு மூடி சிரிஞ்ச்.

பதில் 2: நிறுத்துங்கள், அந்த சிரிஞ்சால் இழுக்காதீர்கள்! லேபிளில் உள்ள எண், ஒரு மில்லியில் எத்தனை யூனிட் மருந்து என்பது. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. சிவப்பில் 20 கோடு என்பது அரை மில்லி. இந்தக் குப்பியில் அது 50 யூனிட். சுகர் அபாயமாக இறங்கிவிடும். ஆரஞ்சு மூடி வாங்கி, மருத்துவர் எழுதிய அதே யூனிட் எண்ணுக்கு இழுங்கள். பழைய சிரிஞ்சுகளை மருந்து வைக்கும் இடத்திலிருந்தே அகற்றிவிடுங்கள்.