மோட்டர் அறைக்குப் பக்கத்தில் ஒரு வாசிப்பு மதிப்பீடு

யாழ்ப்பாணம், வலிகாமத்திலிருந்து ஒரு விசேட கல்வி ஆசிரியை:

டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுத்துக் கூட்டுவதிலும் வரும் கற்றல் சிரமம்) இருக்கிறதா என்று பிள்ளைகளை மதிப்பிடுகிறவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதச் சொன்னீர்கள். என்னுடையது இது.

போன தவணை தரம் 4 பிள்ளை ஒருவனை அனுப்பியிருந்தார்கள். கூட வந்த துண்டில் 'சோம்பல், கவனமில்லை', அவ்வளவுதான். எங்களுக்குத் தனி அறை கிடையாது. தண்ணீர் மோட்டர் அறைக்குப் பக்கத்து விறாந்தையில் இரண்டு கதிரை போட்டு இருந்தோம்.

சொல்வதெழுதலில் 'மழை'யை 'மளை' என்று எழுதினான். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை; யாழ்ப்பாணத்தில் நாங்கள் பேசுவதே அப்படித்தானே. 'போகிறேன்' என்பதற்கு 'போறன்' என்று எழுதினாலும் அதே கதைதான். ஆனால் 'கொக்கு' என்றதும் பென்சில் நின்றுவிட்டது. காதுக்கு முதலில் கேட்பது 'க்', கைக்கு முதலில் வரவேண்டியது கொம்பு (ெ). 'கெக்கு' என்று எழுதினான். அழித்தான். 'காக்கு' என்று எழுதினான். கொம்பு நினைவு வந்தால் அரவு (ா) போய்விடும், அரவு வந்தால் கொம்பு போய்விடும். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அடுத்தது பொருளில்லாத சொற்களை வாசிப்பது: 'தபிமு', 'நகோலு' மாதிரி. பாடமாக்கி வைத்த சொற்களைக் கொண்டு தப்ப முடியாத இடம் இதுதான். மூன்றாவது சொல்லில் யாரோ மோட்டரைப் போட்டுவிட்டார்கள். பிள்ளை திரும்பிப் பார்த்தான், நேரக் கணக்குப் போச்சு. பார்த்த பட்டியலைத் திரும்பக் கொடுக்க முடியாது. இரவிரவாக வேறு பட்டியல் எழுதினேன்.

நேரம் ஏன் முக்கியம் என்றால், தமிழில் எழுத்தும் ஒலியும் ஆங்கிலத்தைவிட ஒழுங்காகப் பொருந்தும். அதனால் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளில் பலர் எழுத்துக் கூட்டிச் சரியாகவே வாசித்துவிடுவார்கள். ஆனால் மிக மெதுவாக. ஆங்கிலச் சோதனையை மொழிபெயர்த்து வைத்துப் பிழையை மட்டும் எண்ணினால் இவர்கள் நழுவிவிடுவார்கள்.

எனக்கு இப்போது வேண்டியது இன்னொரு கருத்தரங்கு அல்ல. சத்தமில்லாத ஒரு அறை, ஒரு மணித்தியாலம். அப்புறம், நான் போட்ட புள்ளி சரியா என்று கேட்க ஒரு ஆள்.

தென்மராட்சி, வகுப்பாசிரியர்:

அந்தத் துண்டை எழுதியது நான் இல்லை ரீச்சர், ஆனால் அதே மாதிரி நானும் எழுதியிருக்கிறேன். இப்போது ஒன்றும் எழுதுவதில்லை, பிள்ளையின் சொல்வதெழுதல் கொப்பியையே கொடுத்துவிடுகிறேன். "அரைநாள் வேலை மிச்சம் சேர்" என்றா எங்கள் விசேட கல்வி ரீச்சர்.

ஒரு அம்மா:

மகளுக்கு மதிப்பீடு செய்யவேண்டும் என்று ஒரு ரீச்சர் சொன்ன அன்று, "என்ர பிள்ளைக்கு என்ன விசரா?" என்று அந்த ரீச்சரோடு கத்தினேன். புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் வகுப்பு, வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பதற்றம். அவ பதிலுக்குக் கத்தவில்லை. "முதல் கண்ணையும் காதையும் ஒருக்கா காட்டிக்கொண்டு வாங்கோ, அதிலே பிரச்சினை என்றால் முதலில் அதைத்தான் பார்க்கவேண்டும்" என்றா. காட்டினோம், இரண்டும் நல்லாக இருந்தது. பிறகுதான் மதிப்பீடு. அன்றைக்கு என்னைப்போல இன்னும் இரண்டு பேர் வந்து ஏசிவிட்டுப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதிபரோ வேறு யாருமோ அவவுக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. நான் இன்னும் அவவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர், கோப்பாய்:

புள்ளி பற்றி ரீச்சர் கேட்டது சரியான கேள்வி. நான் வேலையில் இருந்த காலத்தில் நாங்கள் நான்கு பேர் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவோம். பெற்றோரிடம் கேட்டு ஒலிப்பதிவு செய்த ஒரு வாசிப்பைப் போட்டு, ஆளுக்காள் தனித்தனியாகப் புள்ளி போடுவோம். முதல்நாள் ஒருவர் 9 பிழை என்றார், நான் 4 என்றேன். பார்த்தால், பிள்ளை தானே திருத்தி வாசித்ததையும் அவர் பிழையாக எண்ணியிருக்கிறார்! அதை முடிவுகட்டவே ஒரு பின்னேரம் போனது. திரும்பத் தொடங்கலாம் என்றால் என் வீட்டு முன்விறாந்தை இருக்கிறது. தேத்தண்ணி என் பொறுப்பு.

வலிகாமம் ஆசிரியை:

ஐயா, நான் வருகிறேன். மற்ற விஷயம், மோட்டரைப் பள்ளிக்கூடம் தொடங்க முன்னரே போட்டு முடிக்க அதிபர் ஒழுங்கு செய்துவிட்டார். இப்போது விறாந்தைக்கு முன்னால் பாண்ட் வாத்தியம் பழகுகிறார்கள், இல்லங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி முடியும்வரை.