கல்லுப்பில் மூலக்கூறு உண்டா? எப்படிச் சொல்லித் தருவது?

வணக்கம், நாகர்கோவிலில் இருந்து எழுதுகிறேன். மகள் ஒன்பதாம் வகுப்பு. இரண்டு ஆக்சிஜன் அணு சேர்ந்தால் நாம் சுவாசிக்கும் மூலக்கூறு, மூன்று சேர்ந்தால் ஓசோன் என்றதும் பிடித்துக்கொண்டாள். ஹீலியம் தனி அணுவாகவே இருக்கும் என்பதும் புரிந்துவிட்டது. நேற்று புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பு ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, இதுல ஒரு மூலக்கூறு எங்க இருக்கு?" என்றாள். "பொறு மக்களே" என்று மட்டும் சொன்னேன்.

உப்பில் தனி மூலக்கூறு கிடையாது, சோடியம், குளோரைடு அயனிகள் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) மாறி மாறி அடுக்கியிருக்கும். எனக்குத் தெரியும், ஆனால் அயனி என்றால் என்னவென்று அவளுக்கு இன்னும் தெரியாது. பாதி உண்மையைச் சொல்லி மனதில் பதியவிடப் பயமாக இருக்கிறது. புளியங்கொட்டையும் குன்றிமணியும் அடுக்கிக் காட்டினால் போதுமா? வேதியியல் ஆசிரியர்கள் யாராவது வழி சொல்லுங்களேன்.