கெடுதி குறைந்த சிகரட் என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறதா? அப்பாவுக்காகக் கேட்கிறேன்

பொகவந்தலாவ மகள்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 51 வயது, தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து (செடி வெட்டுகிற) வேலை. பதினாறு வயதில் பீடியில் தொடங்கியவர், இப்போது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சிகரட். காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்கு) போவதற்கு முன்னால் வாசல் இஸ்தோப்பில் குந்திக்கொண்டு ஒன்று குடித்தே ஆக வேண்டும், அதோடு இருமல் பிடித்தால் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும். நிப்பாட்டச் சொன்னால் கோபம் வருகிறது. போன மாதம் கடையில் யாரோ சொன்னதைக் கேட்டு, 'லைட்' என்று சொல்கிற ஒன்றுக்கு மாறிவிட்டார். இதில் நஞ்சு ஃபில்டரிலேயே நின்றுவிடுகிறது, இனிப் பயமில்லை என்கிறார். ஜப்பானில் வேலை செய்கிற சித்தப்பா மகன், எரிக்காமல் சூடாக்கி மட்டும் இழுக்கிற ஒன்றை வரும்போது கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். விஞ்ஞானிகள் இத்தனை வருடம் ஆராய்ச்சி செய்தும் கெடுதி குறைந்த சிகரட் ஒன்றைச் செய்யவில்லையா? இருந்தால் அதற்காவது அப்பாவை மாற்றிவிடலாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹட்டன் டீச்சர்:
தங்கச்சி, நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். என் கூடப்பிறந்த அண்ணனை நுரையீரல் புற்றுநோயில் பறிகொடுத்த பிறகு இதையெல்லாம் தேடித் தேடி வாசித்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. 1950இல் இங்கிலாந்தில் டொல், ஹில் என்ற இருவர் சிகரட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். 1953இல் அமெரிக்காவில் சிகரட் புகையில் இருந்து எடுத்த பிசினான தாரை எலிகளின் முதுகில் பூசிப் பார்த்தபோது கட்டி வந்தது. சனம் பயந்துபோனது, கொம்பனிகள் ஃபில்டரைக் காட்டிச் சமாதானம் சொல்லத் தொடங்கின. 'கென்ட்' சிகரட்டின் ஃபில்டரில் 1952 முதல் 1956 வரை நீல அஸ்பெஸ்டஸ் இருந்தது. பாதுகாப்பு என்று நம்பி வாங்கியவர்கள் அதை வாயில் வைத்து இழுத்திருக்கிறார்கள், இதை வாசித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம் 1968 முதல் பத்து வருடமளவில் அமெரிக்க அரசின் புற்றுநோய் நிறுவனமே கெடுதி குறைந்த சிகரட்டுக்காக ஆராய்ச்சி நடத்தியது. லிகெட் கொம்பனி புகையிலையில் பல்லேடியம் என்ற உலோகத்தைச் சேர்த்துப் பார்த்தது, எலிகளில் கட்டிகள் குறைந்தன, ஆனால் அந்தச் சிகரட் விற்பனைக்கு வரவே இல்லை. 1988இல் ரெய்னால்ட்ஸ் கொம்பனி 'பிரீமியர்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது, நுனியில் கரித்துண்டு, புகையிலை எரியாது. சுவையும் மணமும் சனத்துக்குப் பிடிக்கவில்லை, அடுத்த வருடமே நிறுத்திவிட்டார்கள்.

இப்போது அப்பா மாறியிருக்கிற சிகரட்டுக்கு வருவோம். ஃபில்டரைச் சுற்றியுள்ள கடதாசியை போன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஊசியால் குத்தியது போல் ஒரு வளையமாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியலாம். இழுக்கும்போது அதன் வழியாக வெளிக்காற்று வந்து புகையோடு கலக்கும். தாரையும், ஆளை அடிமையாக்குகிற நிக்கொட்டினையும் அளக்கிற இயந்திரம் நிமிடத்துக்கு ஒரு தடவை, இரண்டு வினாடி, 35 மில்லிலீட்டர் என்று அளவாக இழுக்கும், ஓட்டைகளும் திறந்தே இருக்கும், அதனால் இலக்கம் குறைவாக வரும். மனிசன் அப்படி இழுப்பானா? உடம்பு கேட்கிற நிக்கொட்டின் கிடைக்கும்வரை ஆழமாக, அடிக்கடி இழுப்பான், உதட்டாலும் விரலாலும் ஓட்டைகளை அடைத்துவிடுவான், தனக்கே தெரியாது. குறைந்தது இயந்திரத்தில்தான், நெஞ்சுக்குள் இல்லை. இன்னும் மோசம், 1950களுக்குப் பிறகு சிகரட்டின் அமைப்பில் செய்த மாற்றங்களால் அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய் கூடியது என்று அமெரிக்க அரசின் தலைமைச் சுகாதார அதிகாரியான சேர்ஜன் ஜெனரலின் 2014 அறிக்கை சொல்கிறது. 'லைட்', 'மைல்ட்' என்று போட்டு விற்பதை அங்கே 2010இல் தடை செய்துவிட்டார்கள்.

அப்பா குடித்துப் போட்ட துண்டுகளின் வாய்ப்பக்கத்தைப் பாருங்கள். ஓட்டைகள் திறந்திருந்தால் நடுவில் மட்டும் வட்டமாகக் கறை, ஓரம் வெள்ளையாக இருக்கும். அடைபட்டிருந்தால் முழுவதும் பழுப்பாக இருக்கும்.

ஜப்பான் சாமான் விஷயம். சிகரட்டின் தணல் இழுக்கும்போது 900 பாகை அளவுக்குப் போகும், அந்தக் கருவியோ புகையிலையை 350 பாகை அளவில்தான் சூடாக்குகிறது, அதனால் பல நஞ்சுகள் குறைவாக வருவது உண்மை. ஆனால் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2020 ஜூலையில் ஐகொஸ் என்ற கருவிக்கு, உடம்புக்குள் போகும் நஞ்சு குறைகிறது என்று விளம்பரம் செய்யத்தான் அனுமதி கொடுத்தது, நோய் குறைகிறது என்று சொல்ல அனுமதிக்கவில்லை. நிக்கொட்டினும் அப்படியே இருக்கிறது. நிறையப் பேர் அதையும் குடித்து, சிகரட்டையும் குடிக்கிறார்கள்.

எந்த இலையை எரித்தாலும் தாரும் காபனோரொட்சைட்டும் வரும் தங்கச்சி. நம்முடைய தேயிலையைச் சுருட்டிப் பற்றவைத்தாலும் அதே கதைதான்.

மஸ்கெலியா மூர்த்தி:
டீச்சர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, நானே அனுபவித்தவன். எட்டு சிகரட் குடித்துக்கொண்டிருந்தேன், 'லைட்'டுக்கு மாறினேன், ஆறு மாதத்தில் பதினைந்தாகிவிட்டது. ஒன்றைக் குடித்து முடித்தாலும் நெஞ்சு நிறையாத மாதிரி இருக்கும், உடனே இன்னொன்று வேண்டும். நான்கு வருடம் நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு கூடுதலாகக் குடித்திருக்கிறேன், காசும் இரட்டிப்பாகப் போனது. விட்டு மூன்று வருடமாகிறது. முதல் பத்து நாள்தான் நரகம், மலை ஏறி வந்ததும் கை தானாகப் பொக்கற்றுக்குப் போகும். அப்பாவிடம் கோபப்படாதே தங்கச்சி, அந்த நேரம் பக்கத்தில் நின்று ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடு.

டிக்கோயா ரவி:
எனக்கு ஒரு சந்தேகம். முழுசாக விட முடியாதவர் பன்னிரண்டை இரண்டாகக் குறைத்தால் அதுவும் லாபம்தானே? எல்லோரையும் ஒரேயடியாக விடச் சொன்னால் ஒருவரும் விடமாட்டார்கள்.

தலவாக்கலை நர்ஸ் அக்கா:
தம்பி, நுரையீரல் புற்றுநோய்க்குக் குறைத்தது ஓரளவு கணக்கில் வரும். இதயத்துக்கு அப்படி இல்லை. பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் 2018இல் வந்த ஆய்வுப்படி, ஒரு நாளைக்கு இருபது குடிப்பவருக்கு மாரடைப்பு போன்ற இதய நோய் வர எவ்வளவு மேலதிக ஆபத்து இருக்கிறதோ, அதில் பாதியளவு ஒன்றே ஒன்று குடிப்பவருக்கும் இருக்கிறது. குறைப்பதை விடுவதற்கான படியாக வைத்துக்கொண்டால் நல்லது, அங்கேயே நின்றுவிடக் கூடாது.

தங்கச்சி, டொல் தொடங்கிய ஆய்வு ஒன்று 1951 முதல் ஐம்பது வருடம் பிரித்தானிய டொக்டர்மாரையே தொடர்ந்து பார்த்தது. ஐம்பது வயதில் விட்டவர்களுக்கு ஏறத்தாழ ஆறு வருட ஆயுள் திரும்பக் கிடைத்தது, அறுபதில் விட்டவர்களுக்கும் மூன்று வருடம். அப்பாவுக்கு 51, நேரம் போகவில்லை. 1948 என்ற இலக்கத்துக்கு போன் எடுத்தால் விடுவதற்கு ஆலோசனை சொல்வார்கள். கிளினிக்குக்குக் கூட்டிப்போய் அந்த இருமலையும் காட்டுங்கள், சளியையும் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் விறகடுப்பு என்றால் அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள், அந்தப் புகையும் சேர்ந்துதான் நெஞ்சைப் பிடிக்கிறது.

பொகவந்தலாவ மகள்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இஸ்தோப்புக்குக் கீழே கானில் கிடந்த துண்டுகளில் நனையாத ஏழைப் பொறுக்கினேன். ஆறில் வாய்ப்பக்கம் முழுவதும் பழுப்பு, ஒன்றில்தான் ஓரம் வெள்ளையாக இருந்தது. இரவு அப்பாவுக்கு எதிரே பேப்பரில் வரிசையாக வைத்து, புதுச் சிகரட் ஒன்றை போன் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டைகளைக் காட்டினேன். தன்னுடைய விரல் எங்கே வருகிறது என்று தானே பிடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப ஒரு மாசமா பழைய சிகரட்டத்தான் குடிச்சிருக்கேனா" என்று கேட்டார். கோபப்படவில்லை.

சனிக்கிழமை கிளினிக்குக்கு வருகிறேன் என்றிருக்கிறார். ஜப்பான் தம்பிக்கும் அந்தச் சாமான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூர்த்தி அண்ணா, காலையில் பெரட்டுக்கு முன்னால் குடிக்கிற அந்த முதல் சிகரட்டை நீங்கள் எப்படி விட்டீர்கள்? அப்பா அதை நினைத்துத்தான் பயப்படுகிறார்.