வேர்ட்பிரஸ் டாஷ்போர்டு கைக்கு வந்தாச்சு: முதலில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

(வேர்ட்பிரஸ் என்பது இணையதளம் நடத்தும் மென்பொருள், டாஷ்போர்டு அதன் நிர்வாகப் பக்கம். கீழே பேசுகிறவர்களை அவரவர் ஊர், பகுதிப் பெயரால் குறித்திருக்கிறது.)

திருநகர்

விளக்குத்தூண் பக்கத் துணிக்கடையோ டவுன்ஹால் ரோடு லாட்ஜோ, பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். தளம் செய்து கொடுத்தவர் லாகினை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். கடைக்காரர் உள்ளே நுழைந்ததும் இடது பக்க மெனுவை மேலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். கீழே இருக்கும் செட்டிங்ஸில் ஆரம்பியுங்கள். மற்றதெல்லாம் அதை நம்பித்தான் ஓடுகிறது.

செட்டிங்ஸ், ஜெனரலில் முதலில் டைம்ஸோன். புதிதாக நிறுவிய வேர்ட்பிரஸில் அது பெரும்பாலும் யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்திலேயே கிடக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. மாட்டுத்தாவணியில் காலை 5 மணிக்கு மல்லிகை விலை போட்டால், தளத்தின் கணக்கில் அது முந்தின நாள் இரவு 11.30. அதனால் இன்றைய விலைக்கு மேல் நேற்றைய தேதி நிற்கும். பட்டியலில் மதுரையோ சென்னையோ இருக்காது. ஆசியாவின் கீழ் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுங்கள். யூ.டி.சி. கூட்டல் 5.30 என்று வைத்தாலும் சரிதான். ஒன்று கவனிக்கவும்: இதை மாற்றுவதால் ஏற்கெனவே போட்ட பதிவுகளின் தேதி திருந்தாது. அவற்றை குவிக் எடிட்டில் ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும்.

அதே பக்கத்தில் வேர்ட்பிரஸ் அட்ரஸ், சைட் அட்ரஸ் என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். அவற்றில் கை வைக்காதீர்கள். எஸ்.எஸ்.எல். என்ற பாதுகாப்புச் சான்றிதழ் போடாத தளத்தில் முகவரியின் முன்பகுதியை எச்.டி.டி.பி.எஸ். என்று மாற்றிச் சேமித்தால் தளம் மட்டுமல்ல, லாகின் பக்கமும் கிடைக்காமல் போகும். பிறகு ஹோஸ்டிங்கின் (தளத்தின் ஃபைல்களை வைத்திருக்கும் சேவை) ஃபைல் மேனேஜரில் டபிள்யூ.பி-கான்ஃபிக் (wp-config.php) என்ற அமைப்பு ஃபைலைத் திறந்து டபிள்யூ.பி. ஹோம் (WP_HOME), டபிள்யூ.பி. சைட்யூ.ஆர்.எல். (WP_SITEURL) என்ற இரண்டு வரிகளைச் சேர்த்து சரியான முகவரியைக் கொடுத்தால்தான் உள்ளே போக முடியும். அந்த வரிகள் இருக்கும்வரை இரண்டு பெட்டிகளும் மங்கலாகத் தெரியும், மாற்ற முடியாது. என்னைக் கேட்டால் எப்போதும் அப்படியே விட்டுவிடுவது நல்லது.

செல்லூர்

அடுத்தது ரீடிங். "தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம்" என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி இருக்கும். தளம் தயாராகும்வரை டெவலப்பர்கள் அதில் டிக் போட்டு வைப்பார்கள், எடுக்க மறந்துவிடுவார்கள். ஆறு மாதமாகியும் கூகிளில் கடை பெயர் வரவில்லை என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

பெர்மாலிங்க்ஸ் என்பது பதிவுகளின் முகவரி எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் இடம். அதில் போஸ்ட் நேம் போதும், தலைப்பே முகவரியாகும். தமிழில் தலைப்பு வைக்கிறவர்கள் மட்டும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முகவரிக்குள் போகும்போது தமிழ் யூனிகோடு குறி ஒவ்வொன்றும் 3 பைட், அது சதவீதக் குறியோடு 9 எழுத்தாக விரியும். கொம்பு, கால், புள்ளி எல்லாமே தனித்தனிக் குறிகள். "மதுரை" என்பதே 5 குறி, அதாவது 45 எழுத்து. "மல்லிகைப்பூ" 11 குறி, 99 எழுத்து. வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு 200 எழுத்துதான் இடம் வைத்திருக்கிறது. ஆக 22 குறிக்கு மேல் போனால் சொல் நடுவில் அறுந்துவிடும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறிகளாக நீண்டு, இதைத் தட்டலாமா என்று ஆட்கள் பயப்படுவார்கள். தலைப்பு தமிழில் இருக்கட்டும். பப்ளிஷ் கொடுக்கும் முன் வலப்பக்கம் ஸ்லக் (முகவரியில் தலைப்பு வரும் பகுதி) என்ற இடத்தில் இரண்டு மூன்று ஆங்கிலச் சொல் போட்டுவிடுங்கள்.

பப்ளிஷ் செய்த பிறகு ஸ்லக்கை மாற்றினால், போஸ்ட்டாக (தேதியோடு வரும் பதிவு) இருந்தால் பழைய முகவரி தானாகப் புதியதற்குத் திரும்பிவிடும். பேஜுக்கு (தொடர்பு, அறிமுகம் மாதிரி நிலையான பக்கம்) அந்த வசதி கிடையாது. தொடர்பு எண் இருக்கும் பேஜின் முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சடித்துவிட்டால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

எல்லாப் பக்கத்திலும் திடீரென்று 404 (பக்கம் கிடைக்கவில்லை என்ற பிழை) வந்து முகப்பு மட்டும் திறந்தால் பதற வேண்டாம். பெர்மாலிங்க்ஸுக்குப் போய் எதையும் மாற்றாமல் சேவ் மட்டும் ஒருமுறை அழுத்துங்கள். திருப்பிவிடும் விதிகள் மறுபடி எழுதப்படும். பாதித் தளங்கள் இதிலேயே சரியாகும்.

உசிலம்பட்டி

அண்ணே, யூடியூப்ல எல்லாரும் அப்பியரன்ஸ்ல மெனுஸ்னு காட்டுறாங்க. எங்க தளத்துல எடிட்டர்னு ஒண்ணுதான் இருக்கு. மெனுவக் காணோம், விட்ஜெட்ஸையும் காணோம்.

செல்லூர்

தம்பி, உங்களுடையது பிளாக் தீம், அதாவது தளத்தின் தோற்றம் முழுவதையும் எடிட்டரிலேயே மாற்றும் புது வகை. 2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பிலிருந்து இந்த வழி இருக்கிறது. அதற்கு முந்தைய வீடியோக்கள் எல்லாம் கிளாசிக் தீமுக்கானவை, உங்களுக்கு உதவாது. எடிட்டரைத் திறந்து நேவிகேஷன் என்ற பகுதிக்குப் போங்கள். மெனு அங்கேதான் இருக்கிறது.

அங்கே ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஹெடர் (மேல்பகுதி), ஃபூட்டர் (அடிப்பகுதி) எல்லாம் எல்லாப் பக்கத்துக்கும் பொதுவானவை. ஒரு பக்கத்தில்தானே என்று நினைத்து ஃபூட்டரில் ஃபோன் நம்பரை அழித்தால், தளம் முழுக்க அழியும். தட்டிய பகுதியைச் சுற்றி ஊதா நிறக் கோடு வந்தால் அது பொதுப் பகுதி என்று அர்த்தம். லிஸ்ட் வியூவை (பக்கத்தின் பகுதிகளைப் பட்டியலாகக் காட்டுவது) திறந்து வைத்துக்கொண்டு, எதற்குள் இருக்கிறோம் என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

திருமங்கலம்

டி.டி.பி. சென்டரில் அடித்த நோட்டீஸை அப்படியே ஒட்டுகிறவர்களுக்கு ஒன்று. அங்கே பெரும்பாலும் பாமினி மாதிரி பழைய எழுத்துருதான். அது யூனிகோடு இல்லை. ஒட்டியதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குவிந்து கிடக்கும். டாஷ்போர்டில் எந்த ஃபான்ட்டை மாற்றினாலும் அது சரியாகாது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கன்வெர்ட்டரில் போட்டு எடுத்து, நோட்பேடில் ஒருமுறை ஒட்டி, அங்கிருந்து எடிட்டருக்குக் கொண்டுவாருங்கள். எண்களையும் ஆங்கிலப் பெயர்களையும் கன்வெர்ட்டர் கெடுத்துவிடும். ஃபோன் நம்பர், இமெயில் இரண்டையும் கையாலேயே மறுபடி அடிப்பது உத்தமம்.

தமிழ் எழுத்துரு வேண்டுமானால், 6.5 பதிப்பிலிருந்து பிளாக் தீமில் எடிட்டர், ஸ்டைல்ஸ், டைப்போகிராஃபி வழியாக கூகிள் ஃபான்ட்ஸை நேரே நிறுவலாம், பிளகின் (தளத்தில் சேர்க்கும் கூடுதல் மென்பொருள்) தேவையில்லை. நம் ஊர் பெயரிலேயே ஹிந்த் மதுரை என்று ஒன்று இருக்கிறது, பார்வைக்குச் சுத்தமானது. ரெகுலர், போல்டு இரண்டு மட்டும் நிறுவுங்கள். அதன் ஐந்து தடிமன்களையும் ஏற்றினால் மொபைலில் பக்கம் கனக்கும். வரி இடைவெளியை 1.7 அளவுக்கு வையுங்கள். ஆங்கிலத்துக்கு வைத்த 1.4-இல் மேல்வரியின் கொக்கியும் கீழ்வரியின் விசிறியும் முட்டிக்கொள்ளும்.

மேலூர் ரோடு

போட்டோ ஏறவில்லை என்றால் மீடியா, ஆட் நியூ பக்கத்தின் கீழே அதிகபட்ச அளவு எழுதியிருக்கும். வேர்ட்பிரஸ் ஓடும் நிரல்மொழியான பி.எச்.பி.யின் இயல்பு அளவு 2 எம்.பி.தான். சிபேனலில் (ஹோஸ்டிங்கின் நிர்வாகப் பக்கம்) மல்டிபி.எச்.பி. ஐ.என்.ஐ. எடிட்டர் என்ற இடத்தில் அப்லோட் மேக்ஸ் ஃபைல்சைஸை உயர்த்தலாம். போஸ்ட் மேக்ஸ் சைஸ் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உயர்த்தியும் பயனில்லை.

ஆனால் உயர்த்துவதைவிட படத்தைச் சுருக்குவதே மேல். 2560 பிக்சலுக்கு மேற்பட்ட ஒரு போட்டோவை ஏற்றினால் மூலப்படம், சுருக்கிய பெரிய படம், 150, 300, 768, 1024, 1536, 2048 என்று மொத்தம் 8 ஃபைல் உண்டாகும். தீமும் கடை பிளகினும் தங்கள் பங்குக்கு இன்னும் சேர்க்கும். 500 சுங்குடி சேலைப் படம் ஏற்றினால் 4,000 ஃபைல். குறைந்த விலை ஹோஸ்டிங்கில் இடம் தீர்வதற்கு முன் ஃபைல் எண்ணிக்கை வரம்பு தீர்ந்துவிடும். ஏற்றும் முன்பே அகலத்தை 1600-க்குக் குறைத்துவிடுங்கள்.

திருநகர்

தளத்தில் கடைப் பையனுக்குக் கணக்கு திறக்கும்போது அட்மின் என்ற முழு அதிகாரம் கொடுக்காதீர்கள், எடிட்டர் என்ற பொறுப்பு போதும். கன்ட்ரிபியூட்டர் கொடுத்தால் அவரால் படம் ஏற்ற முடியாது, ஆத்தர் கொடுத்தால் பேஜைத் திருத்த முடியாது.

அட்மின் இமெயில் யாருடையது என்றும் பாருங்கள். பழைய டெவலப்பருடையதாக இருந்தால், பிளகின் உடைந்து தளம் நிற்கும்போது வரும் ரெக்கவரி லிங்க் அவருக்குத்தான் போகும். புது முகவரி போட்டால் அதற்கு ஒரு உறுதிப்படுத்தும் மெயில் வரும். அதைத் தட்டும்வரை பழையதே நடப்பில் இருக்கும். மெயில் வரவில்லை என்றால் தளத்திலிருந்து மெயிலே போகவில்லை என்று பொருள். எஸ்.எம்.டி.பி. (மெயில் சர்வர் வழியாக அனுப்பும் முறை) அமைத்துவிட்டு மறுபடி செய்யுங்கள்.

உசிலம்பட்டி

அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்குக் காலைல 6 மணிக்கு வர்ற மாதிரி ஷெட்யூல் போட்ட பதிவு, மிஸ்டு ஷெட்யூல்னு நின்னா என்ன காரணம்ணே? டைம்ஸோன் சரியாத்தான் இருக்கு.

செல்லூர்

வேர்ட்பிரஸுக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது தம்பி. யாராவது தளத்துக்கு வரும்போதுதான் செய்ய வேண்டிய வேலை இருக்கிறதா என்று பார்க்கும். கூட்டம் குறைவான தளத்தில் காலை 6 மணிக்கு ஆள் வராவிட்டால் பதிவும் வராது. கேஷ் பிளகின் இருந்தால் ஆள் வந்தாலும் சேமித்த பக்கத்தைக் காட்டி அனுப்பிவிடும், பி.எச்.பி. ஓடவே ஓடாது.

சிபேனலில் கிரான் ஜாப்ஸ் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள்) திறந்து, தளத்தின் டபிள்யூ.பி-கிரான் ஃபைலை 15 நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடும்படி வையுங்கள். அது ஓடுகிறது என்று ஒரு சோதனைப் பதிவை ஷெட்யூல் செய்து உறுதிப்படுத்திய பிறகு, டபிள்யூ.பி-கான்ஃபிக்கில் டிசேபிள் டபிள்யூ.பி. கிரான் (DISABLE_WP_CRON) வரியைச் சேருங்கள். "இதற்குமேல் திருத்த வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு வரி இருக்கும், அதற்கு மேலே வர வேண்டும். வரிசை மாறி, கிரானை வைக்காமல் இதை மட்டும் போட்டால் ஷெட்யூல் பதிவு ஒன்றுகூட வெளிவராது, தானாக நடக்கும் அப்டேட்டும் நின்றுபோகும்.